சொல்லும் பொருளும்: 'ஹாண்ட்'

இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட சொல் 'ஹாண்ட்' என்பது. 'ஹாண்ட் என்றால் கை' என்று நம் குழந்தைகள் முதல் வகுப்பிலேயே ஒப்பிக்கின்றனர். பொருள் அவ்வளவே என்றால், 'கப்பலில் இருபது ஹாண்ட் உண்டு' என்று கேட்கும்போது பத்துப் பேர் என்றன்றோ கணக்கிட நேரும்!

இச்சொல் ஆங்கிலத்தின் பழஞ்சொத்து. ஜெர்மன் மொழியிலும் கைக்கு இதுவே பெயர். குதிரையின் உயரத்தை ஆங்கிலேயர் இதனாலேயே அளப்பர். ஒரு 'ஹாண்ட்' நான்கு அங்குலம். கடிகாரத்தில் நாம் முள் என்பது அவர்க்கு 'ஹாண்ட்'. ரயில்வேயில் அவர்கள் சிக்னல் என்றதையோ நாம் கைகாட்டி என்றோம்.

17-ஆம் நூற்றாண்டிலேயே இச்சொல் உடலுழைப்பாளியையும் மாலுமியையும் குறிக்கலாயிற்று. உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகிவருவதை நம் இலக்கண நூலார் சினையாகுபெயர் என்பர். 'தலைக்கு ஒரு பழம் கொடு' என்பது பள்ளியில் நாம் படித்த எடுத்துக்காட்டு. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. தலைக்கு ஒன்று என்னும்போது ஆண்டியும் அரசனும் ஒன்றே. 'ஹாண்ட்' என்பதோ கீழிருந்து உழைப்பவனுக்கே உரியதாயிற்று. அலுவலகத்தில் மேலிருப்பவர் 'ஹெட்'. ஆலையில் கீழிருப்பவன் 'ஹாண்ட்'. சார்லஸ் டிக்கன்ஸ் 1854-இல் வெளியிட்ட 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் இவ்வழக்கை எள்ளி நகையாடியுள்ளார்.

நம் மொழிச் சொல் ஒன்றும் இவ்வாறே மனிதனை மறைத்ததுண்டு. கூலி என்பது நமக்கு வேலைக்குரிய ஊதியம். ஆங்கிலேயர் வாயிலோ 'கூலி' என்பது ஆளின் பெயராயிற்று. அச்சொல்லுக்கு மூலம் நம் தமிழ்ச்சொல்லே என்பாரும், குஜராத்தின் கோலி மக்களின் பெயர் என்பாரும் உளர். 1834-இல் இக்கல்கத்தாவிலிருந்து 'அட்லஸ்' என்னும் கப்பல் 36 ஒப்பந்தத் தொழிலாளரை மொரீஷியஸ் தீவுக்கு ஏற்றிச்சென்றது. 1860-இல் சென்னையிலிருந்து நம்மவரும் நேட்டாலுக்குக் கப்பலேறினர். அங்கே இந்தியர் யாவரும் கூலியே. வழக்கறிஞராகச் சென்ற காந்தியடிகளையும் 'கூலி பாரிஸ்டர்' என்றனர்.

இனி 'மானேஜர்' என்னும் பட்டத்தைப் பார்ப்போம். இலத்தீனில் 'மானுஸ்' என்றால் கை. அதிலிருந்து இத்தாலியத்தில் குதிரையைப் பழக்குதல் என்னும் பொருளில் ஒரு சொல் பிறந்து, ஆங்கிலத்தில் 'மானேஜ்' ஆயிற்று. ஆக, மானேஜரும் பிறப்பால் கையின் வழிவந்தவரே. ஒரே உறுப்பிலிருந்து ஒருவருக்குப் பெருமையும் மற்றவருக்குச் சிறுமையும் வந்தது சொல்லின் குற்றமன்று, வழங்கியவரின் குற்றம்.

1892-இல் திறக்கப்பெற்ற கிடர்பூர்த் துறைமுகத்தை அடுத்து வாழும் நம் இல்லங்களுக்கு இது வெறும் அகராதிச் செய்தியன்று. பள்ளி விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்னுமிடத்தில் 'டாக் ஹாண்ட்' என்று எழுதிவிடுவோர் உண்டு. அன்பர்காள், செய்யும் வேலையைப் பெயரிட்டு எழுதுங்கள்: கிரேன் ஓட்டுபவர், பிட்டர், சரக்கு ஏற்றுபவர். கையால் உழைப்பதில் நாணம் ஏதுமில்லை. ஆனால் ஆளை மறைத்துக் கையை மட்டும் காட்டும் பெயரை நம் பிள்ளைகள் நம் கையெழுத்திலேயே படிக்க வேண்டா.