நட்சத்திரம் நம் கையாலேயே ஆகட்டும்



டிசம்பர் பிறந்துவிட்டால் ஜொகூரில் மழைக்குப் பஞ்சமில்லை. வடகிழக்குப் பருவக் காற்று அடிக்கத் தொடங்கினால், பால் மரம் வெட்டும் குடும்பங்களுக்கு எத்தனையோ நாள் வேலை கெட்டுப் போகும். பட்டை நனைந்திருந்தால் பால் கோப்பையில் விழாமல் மரத்தோடு வழிந்துவிடுமே! கையில் காசு சுருங்கும் அந்த மாதத்தில்தான் கிறிஸ்துமஸும் வருகிறது. பட்டணத்துப் பேரங்காடியில் மினுமினுக்கும் மரத்தைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை, "அம்மா, நம்ம வீட்டுக்கும் அது மாதிரி வேணும்மா" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இல்லை என்று சொல்ல மனம் வராது. வாங்கிக் கொடுக்கக் கையில் இராது.

இந்த மாதம் அதற்கு ஒரு வழி பார்ப்போமா? கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மட்டும் சொல்கிறேன் என்று மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். லயத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ஒரு வீட்டு வாசலில் நட்சத்திரம் கட்டினால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் அங்கேதான் கூடியிருக்கும். தீபாவளிக்கு முறுக்குத் தட்டு அந்த வீட்டுக்குப் போகும். கிறிஸ்துமஸுக்குப் பலகாரத் தட்டு இந்த வீட்டுக்கு வரும்.

முதலில் நட்சத்திரம். கிழக்கிலிருந்து வந்த ஞானிகளுக்குப் பெத்லகேமுக்கு வழி காட்டிய விண்மீனின் நினைவாகத்தான் இதை வாசலில் கட்டுகிறார்கள். ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில், மொராவிய சபையார் நடத்திய பள்ளியில் 1830-ஆம் ஆண்டுகளில் கணிதப் பாடத்துக்காகப் பிள்ளைகள் காகித நட்சத்திரம் செய்தார்களாம். அது பிறகு வீட்டுக்கு வீடு தொங்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரமாகிவிட்டது. பிலிப்பைன்ஸ் மக்கள் மூங்கிலிலும் காகிதத்திலும் செய்யும் நட்சத்திர விளக்குக்குப் 'பாரோல்' என்று பெயர். நமக்கும் மூங்கில்தான் கைகொடுக்கும்.

இரண்டடி நீளத்தில், பென்சில் கனத்தில் பத்து மூங்கில் குச்சிகள் வேண்டும். எல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும். மூங்கிலைப் பிளப்பதும் சிலாம்பு போகச் சீவுவதும் பெரியவர் வேலை. பாராங் கத்தியைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். கையெடுக்காமல் ஒரே இழுப்பில் சிலேட்டில் நட்சத்திரம் போடுவோமே, அதே மாதிரி ஐந்து குச்சிகளைத் தரையில் பரப்பி, ஐந்து முனைகளையும் நூலால் இறுகக் கட்டுங்கள். மற்ற ஐந்து குச்சிகளிலும் இன்னொன்று செய்யுங்கள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து முனைகளைச் சேர்த்துக் கட்டுங்கள்.

இப்போது நடுவே குச்சிகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்கள் தெரியும். அந்த ஒவ்வோர் இடத்திலும், மேல் நட்சத்திரத்துக்கும் கீழ் நட்சத்திரத்துக்கும் நடுவில் நாலு அங்குலக் குச்சி ஒன்றை நிறுத்திக் கட்டினால், தட்டையாய்க் கிடந்தது வயிறு புடைத்து எழுந்து நிற்கும். அந்த நேரத்தில் உங்கள் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்!

பெரிய வகுப்புப் பிள்ளை இருந்தால், ஒரு முனையின் கோணத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். குச்சிகள் சரியாக இருந்தால் 36 பாகை வரும். ஐந்து முனையும் சேர்ந்தால் 180. அந்த நீஸ்கிப் பள்ளிப் பிள்ளைகள் படித்த மாதிரிப் பாடம், நம் வீட்டுத் திண்ணையிலும் நடக்கும்.

பசைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு கரண்டி மரவள்ளி மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிண்டினால் கண்ணாடி போலாகும், ஆறியதும் தடவலாம். பட்டம் செய்யும் வண்ணக் காகிதத்தை முன்பக்கமும் பின்பக்கமும் நட்சத்திர வடிவில் வெட்டி ஒட்டுங்கள். ஓரங்களில் பத்து ஒல்லி முக்கோணங்கள் திறந்திருக்கும், அவற்றையும் மூடுங்கள். பின்பக்கத்து நடுப்பகுதியை மட்டும் ஒட்டாமல் விட்டால் அதன் வழியே விளக்கை வைக்கலாம். சூடேறாத சின்ன எல்.இ.டி. விளக்கு போதும். மெழுகுவர்த்தியை உள்ளே வைக்கவே வைக்காதீர்கள். பலகைச் சுவரும் ஒரே கூரையுமாக இருக்கும் வரிசை வீட்டில் ஒரு வீட்டுத் தீ பத்து வீட்டுத் தீ. மழைச் சாரல் படும் இடமானால் மேலே தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிடுங்கள்.

அடுத்தது மரம். கடை மரம் வேண்டாம். காய்ந்து விழுந்த சவுக்குக் கிளை ஒன்று போதும். ஜொகூர்க் கடற்கரையில் தேசாரு என்ற ஊர் இருக்கிறதே, அந்தப் பெயரில் உள்ள 'ரு' இந்தச் சவுக்கு மரம்தான். சவுக்குக் கிடைக்காவிட்டால் கிளை பிரிந்த எந்தக் காய்ந்த கொம்பானாலும் சரி. பழைய மைலோ டின்னில் மணலை நிரப்பி ஊன்றுங்கள்.

அதில் என்ன தொங்கவிடுவது? நம் காலடியில் கிடக்கும் ரப்பர் கொட்டைதான்! காய் வெடித்து 'டப்' என்ற சத்தத்தோடு தெறித்து விழும் அந்தக் கொட்டையின் பளபளப்பும் புள்ளியும் எந்தக் கடை மணிக்குக் குறைந்தது? காய்ந்த கொட்டையில் பெரியவர்கள் துளை போட்டுக் கொடுக்க, பிள்ளைகள் நூலில் கோத்துச் சரமாக்கட்டும். மூன்று கொட்டைகளைச் சேர்த்துக் கட்டி நடுவில் சிவப்புச் சாகா விதை ஒன்றை ஒட்டினால் பூவாகிவிடும். ஒன்று கவனம்: பச்சை ரப்பர் கொட்டையில் சயனைடு நஞ்சு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பில் கறுப்புப் புள்ளி உள்ள குன்றிமணியைத் தொடவே வேண்டாம். அது கொடிய நஞ்சு. சாகா விதை முழுச் சிவப்பாக இருக்கும்.

ரப்பர் இலையிலும் வேலை இருக்கிறது. முற்றிய இலைகளை ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மூன்று வாரம் ஊறப் போட்டால் சதை அழுகிவிடும். பழைய பல் துலக்கியால் மெல்லத் தேய்த்துக் கழுவினால் நரம்பு மட்டும் வலை போல நிற்கும். பழைய நாளிதழுக்குள் வைத்துக் காயவிட்டு, மூன்று நான்கை அடுக்கிக் கட்டினால் தேவதையின் சிறகுதான்! வாளியை மட்டும் இறுக மூடி வையுங்கள். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் அலங்காரத்தோடு டிங்கிக் காய்ச்சலும் வந்துவிடும்.

சகோதரிகளே, இதையெல்லாம் செலவு மிச்சம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஜொகூரில் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகிவிட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாகவே மாறிவிட்டன. நம் பிள்ளைகளில் பலர் மாசாய், ஸ்கூடாய் பக்கம் அடுக்குமாடியில் வளர்கிறார்கள். பாட்டி விடியற்காலை இருட்டில் பெரட்டுக்குப் போன கதை அவர்களுக்குத் தெரியாது. கொட்டையைக் கோக்கும்போது கதை தானாக வரும். 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனதையும், அவற்றில் முளைத்த கன்றுகளில் 22 மட்டும் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்ததையும், பிறகு தோட்டம் தோட்டமாக மரம் பெருகி, நம் முன்னோர் கப்பலேறி வந்ததையும் சொல்லுங்கள். பாட்டி வீட்டில் இருந்தால் கதையை அவரிடமே விட்டுவிடுங்கள். நீங்கள் நூலைப் பிடித்துக்கொண்டால் போதும்.

இன்னொரு வார்த்தை. பிள்ளை ஒட்டியது கோணலாக இருந்தால் இராத்திரி அது தூங்கிய பிறகு பிய்த்துச் சரிசெய்யாதீர்கள். காலையில் பிள்ளை கண்டுபிடித்துவிடும். மறுபடி பசைக் கிண்ணத்தைத் தொடாது. 'பக்கத்து வீட்டில் கடை மரம், நம் வீட்டில் காய்ந்த கொம்பா?' என்று கூச்சப்படும் பிள்ளையிடம் வாதாட வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். நாலு கை கூடிச் செய்த பொருளைப் பார்த்து எந்தப் பிள்ளையும் வெட்கப்படாது.

2006 டிசம்பரில் ஜொகூரில் வெள்ளம் வந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சிகாமட்டிலும் கோத்தா திங்கியிலும் எத்தனை வீடுகள் மூழ்கின! தண்ணீர் வந்தால் காகித நட்சத்திரமும் போகும், கடை நட்சத்திரமும் போகும். ஆனால் செய்யத் தெரிந்த பிள்ளை, தண்ணீர் வடிந்த மறுநாளே நாலு குச்சியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடும். பண்டிகைக்கு நாம் கொடுக்கும் பரிசு அதுவாக இருக்கட்டுமே.

இந்த வாரக் கடைசியிலேயே மூங்கிலை வெட்டிக் காயப் போடுங்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடும் குடும்பங்களுக்கு என் நல்வாழ்த்துகள். நட்சத்திரம் கட்டக் கைகொடுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும்தான்!

அடுத்த இதழில் சந்திப்போம்.