டிலீட் செய்தாலும் போவதில்லை



பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும் நாட்கள் இவை. பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரையும் சிடி அடுக்கையும் பல வீடுகளில் கீழே இறக்குவார்கள். அவற்றைப் பழைய சாமான் கடைக்குப் போடும் முன் இந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் இருப்பவை முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் வட்டத் தகடுகள். அவற்றின் மேல் மெல்லிய காந்தப் பூச்சு. தகடு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்ற, சில நானோமீட்டர் உயரத்தில் ஒரு முனை மிதந்தபடியே எழுதுகிறது. முனையில் உள்ள கம்பிச் சுருளில் மின்சாரத்தின் திசை மாறினால், கீழே ஒரு நுண்ணிய இடத்தில் காந்தத்தின் திசையும் மாறும். நம் புகைப்படம், வங்கிக் கணக்கு, கடிதம் எல்லாமே இந்தத் திசை மாற்றங்கள்தான். 1956இல் ஐபிஎம் கொண்டுவந்த ராமாக் இயந்திரத்தில் 24 அங்குலத் தகடுகள் 50 இருந்தன. அத்தனையும் சேர்ந்து கொண்டது 50 லட்சம் எழுத்துகளை. இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதில் அடங்காமல் போகலாம்.

ஒரு ஃபைலை டிலீட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்கிறோம். அப்போதும் அந்தக் காந்தப் பதிவு அப்படியே இருக்கிறது. ‘இந்த இடம் காலி’ என்று அட்டவணையில் ஒரு குறிப்பு மாறுகிறது, அவ்வளவுதான். வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றியாயிற்று. குடியிருப்பவர் உள்ளேயேதான் இருக்கிறார். குயிக் ஃபார்மட்டும் இதே கதைதான். அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை, மீட்பு மென்பொருளால் பழையதை எடுத்துவிட முடியும். ஆகவே பிள்ளைகளின் படங்களைத் தவறுதலாக டிலீட் செய்துவிட்டால், அந்த டிஸ்க்கில் வேறு எதையும் பதியாமல் உடனே நிறுத்திவிடுங்கள், பெரும்பாலும் மீட்டுவிடலாம். விற்கும்போது செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர்: டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்து, ‘குயிக்’ என்பதை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள். இப்போதைய விண்டோஸ் அப்போது எல்லா இடத்திலும் பூஜ்ஜியத்தை எழுதிவிடும். கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றாலும் உள்ளே டிஸ்க் நன்றாகவே இருக்கலாம், கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். (எஸ்எஸ்டி வேலை செய்யும் விதமே வேறு. அதை இன்னொரு இதழில் பார்ப்போம்.)

சிடிக்கும் காந்தத்துக்கும் சம்பந்தமில்லை, அங்கே எல்லாம் ஒளி. கடையில் வாங்கும் பாட்டு சிடியில் அச்சில் அழுத்திய நுண்குழிகள், உள்ளிருந்து வெளியே சுருளாக, 5 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகின்றன. திரும்பத் திரும்ப எழுதும் சிடியில் ஓர் உலோகக் கலவை. லேசர் அதை உருக்கிச் சட்டென்று ஆறவிட்டால் அந்தப் புள்ளி மங்கும். இதமாகச் சூடாக்கினால் அணுக்கள் மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொண்டு பளிச்சிடும். அழிப்பது என்றால் அங்கே அதுதான். எனக்கு இதில் தீராத வியப்பு.

உங்கள் கல்யாண சிடி பெரும்பாலும் மூன்றாவது வகை: சாயப்பூச்சில் லேசர் சூட்டால் ஒரே ஒரு முறை எழுதியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எழுதிய வட்டமும் எழுதாத வட்டமும் இரண்டு நிறமாகத் தெரியும். அதை யாரும் திருத்தி எழுத முடியாது. ஆனால் வெயிலும் சூடும் அந்தச் சாயத்தை மெல்ல வெளுக்கச் செய்யும். பெயர் எழுதும் மேல்பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் பதிவு இருக்கிறது. அங்கே விழும் கீறல் அடிப்பக்கக் கீறலைவிட மோசம். இப்போது வரும் லேப்டாப்புகள் பலவற்றில் சிடி போடும் வசதியே இல்லை. டிரைவ் வைத்திருக்கும் நண்பரோ ஸ்டூடியோவோ பக்கத்தில் இருந்தால், பண்டிகைக்கு முன்பே இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்