சூடு வைக்கிற ஊசி யாருக்கு?

“பெரியப்பாவுக்கு அந்தச் சூடு வைக்கிற ஊசிய உங்க காலேஜ்லயே போடுவாங்களா தம்பி?” என்று பெரியம்மா போனில் கேட்டார். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ. நானோ துகளால் புற்றுநோய் குணமாகிவிட்டதாம். குணமானது எலிக்கு என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

என் ஆய்வும் இதற்குப் பக்கத்தில்தான். இரும்பு ஆக்சைடு துகள்களைக் காந்தப்புலத்தில் வைத்து எவ்வளவு சூடாகின்றன என்று அளக்கிறேன். துகள்களைக் கட்டிக்குள் செலுத்தி, வெளியிலிருந்து மாறுதிசை காந்தப்புலம் கொடுத்தால் கட்டி 43 டிகிரி வரை சூடாகும். இது 1957இலேயே முயன்று பார்த்த யோசனை. புதிய நம்பிக்கை வேறு: சூட்டில் சாகும் புற்றணுக்கள் தங்களுக்குள் இருக்கும் புரதங்களை வெளியே கொட்டுகின்றன. நோயெதிர்ப்பு அணுக்களுக்கு அது ஆபத்து அறிவிப்பு. டி செல்களின் பிரேக்கை விடுவிக்கும் இம்யூனோதெரபி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, சூடுபடுத்தாத இடத்துக் கட்டியும் எலிகளில் சுருங்கியிருக்கிறது.

மனிதர்களிடம் சூட்டைப் பயன்படுத்திய கதை ஜெர்மனியில் நடந்தது. மாக்ஃபோர்ஸ் நிறுவனத்தின் துகள் சிகிச்சைக்கு, மூளைக் கட்டிக்காக, 2010இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. நோயாளிகள் உலோகப் பல் அடைப்புகளைப் பிடுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. துகள் தங்கிய மூளையை எம்.ஆர்.ஐ.யில் தெளிவாகப் பார்க்கவும் முடியாது. 2022இல் நிறுவனம் திவாலானது.

“முதலில் அறிவியல் வேலை செய்யட்டும், விலையைப் பிறகு பார்ப்போம்” என்று கருத்தரங்குகளில் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. எலி சில சென்டிமீட்டர் சுருளுக்குள் அடங்கிவிடும். அதே வலிமையுள்ள புலத்தை மனித வயிற்றின் அகலத்துக்குக் கொடுத்தால், உடலுக்குள் சுழல் மின்னோட்டம் உருவாகி நல்ல திசுவும் சூடாகும். ஆனாலும் எங்கள் துறையில் பெரிய புலத்தில் பெரிய எண் காட்டும் துகளுக்குத்தான் கைதட்டல். குறைந்த புலத்தில் சூடாகும் துகளைச் செய்வதா, பல கோடி ரூபாய் எந்திரம் கேட்கும் துகளைச் செய்வதா என்பது இன்று என் மேசையில் முடிவாகிறது. அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பவருக்கு இது எட்டுமா என்பதும் அங்கேயே பாதி முடிவாகிவிடுகிறது.

இரும்பு மலிவு. கூடவே கொடுக்க வேண்டிய இம்யூனோதெரபி மருந்துக்குப் பல லட்சம் ஆகும். சூடு சேர்ந்தால் அந்த மருந்தைக் குறைவாகக் கொடுத்தாலும் போதுமா? எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி இது. எங்கள் வீட்டிலிருந்து ஆய்வகத்துக்குள் வந்த முதல் ஆள் நான். இதைக் கேட்காமல் என்னால் வேலை செய்ய முடியவில்லை.

பெரியம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். இன்னும் வரவில்லை, கீமோவை விட்டுவிடாதீர்கள் என்றேன். பல் அடைப்புக் கதையையும் சொன்னேன்.

“அவருக்குப் பல்லே நாலுதான தம்பி இருக்கு” என்றார்.

அடுத்த கீமோ வியாழக்கிழமை.