ஸ்டெப்னி இல்லாத கார்! ஆல்ப்ஸ் மலையில் என்ன ஆகும்?

கோடை பிறந்தால் போதும், இங்கிலாந்துக்காரர்கள் பலர் ஸ்போர்ட்ஸ் காரைக் கிளப்பிக்கொண்டு ஐரோப்பா புறப்பட்டு விடுகிறார்கள். 1994-ல் திறந்த கடலடிச் சுரங்கத்தில், காரை ரெயிலில் ஏற்றினால் 35 நிமிடத்தில் பிரான்ஸ். அப்புறம் ஆல்ப்ஸ், இத்தாலி என்று ஒரே ஓட்டம்தான்!

ஆனால் காரைக் கழுவி மெருகேற்றினால் மட்டும் போதுமா? ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

கொதிக்கும் பிரேக் ஆயில்

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழசானால் சீக்கிரம் கொதிக்கும். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம். ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள்! கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால், பெடல் 'பொசுக்'கென்று உள்ளே போய்விடும். ஆண்டவன்தான் துணை! 2 ஆண்டுக்கு ஒரு முறை ஆயில் மாற்றினால் இந்தப் பயம் பாதி தீர்ந்தது.

டயருக்கும் வயது

ஓடாமல் கொட்டகையில் நின்றாலும் ரப்பர் கிழடாகும். டயர் ஓரத்தில் 2318 என்றிருந்தால், 2018-ம் ஆண்டு 23-வது வாரம் செய்தது என்று அர்த்தம். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டெப்னி கிடையாது. பசை டப்பாவும் பம்ப்பும்தான். ஆணி குத்தினால் சமாளிக்கலாம். பக்கவாட்டில் கிழிந்தால் அதோகதிதான்!

மடக்கும் போலீஸ்

அங்கே வலப்பக்கம் ஓட்டவேண்டும். எனவே ஹெட்லைட் வெளிச்சத்தைத் திருத்தணும். பிரான்சில் முக்கோணப் பலகை, பளிச்சிடும் சட்டை கட்டாயம். 'ஜி.பி.' ஸ்டிக்கர் 2021 செப்டம்பர் 28 முதல் செல்லாது, 'யு.கே.'தான்.

பளபளப்பு ஊருக்கு. பிரேக் உயிருக்கு!