பீட் ரைசர்: சுவரில் மோதியது வீரமா?

1/ பேஸ்பால் வரலாறு எழுதுபவர்கள் 'உச்' கொட்டிக்கொண்டே சொல்லும் ஒரு பெயர் பீட் ரைசர். "பந்துக்காகச் சுவரில் மோதிய மாவீரன். பாவம், துரதிர்ஷ்டசாலி" என்பார்கள். இரண்டுமே தப்புங்க. இந்தக் கதையை மருத்துவராகப் படித்தால் அது வீரக்கதை இல்லை, ஒரு கேஸ் ஷீட். இழை கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ முதலில் சாதனைகள். 1941, புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி. 22 வயது அவுட்ஃபீல்டர், அதாவது நம்ம கிரிக்கெட்டில் பவுண்டரி பக்கம் நிற்பவர் மாதிரி. பேட்டிங் சராசரி .343. நூறு முறை அடித்தால் 34 முறை ஹிட். நேஷனல் லீக்கில் அந்த ஆண்டு அதுதான் முதலிடம். அதுவரை அந்தப் பட்டத்தை அவ்வளவு சின்ன வயதில் அந்த லீக்கில் யாரும் வென்றதில்லை. ரன்களிலும் (117) அவர்தான் முதலிடம்.

3/ இப்போ ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. கிரிக்கெட்டில் எல்லை ஒரு கயிறு. தாண்டிப் போனாலும் நிற்க இடம் இருக்கும். பேஸ்பாலில் எல்லை ஒரு சுவர். அந்தக் காலத்தில் பல மைதானங்களில் மெத்தை கிடையாது. வெறும் கான்கிரீட். பந்தைப் பார்த்து அண்ணாந்தபடி முழு வேகத்தில் ஓடுபவருக்கு "சுவர் வருது"ன்னு சொல்ல எதுவும் கிடையாது.

4/ 1942 ஜூலை, செயின்ட் லூயிஸ். ஈனோஸ் ஸ்லாட்டர் அடித்த பந்தைத் துரத்திப் போய் ரைசர் சுவரில் மோதினார். கடுமையான தலைக்காயம். இந்த சீசன் இனி ஆட வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதாக ரைசரே பின்னாளில் சொன்னார். ஆனால் சில நாட்களிலேயே மைதானத்தில் இருந்தார். தலைவலி, தலைசுற்றல், பார்வைக் கோளாறு எல்லாவற்றோடும்.

5/ விளைவு? லீக்கின் மிகச் சிறந்த பேட்டர்களில் ஒருவராக இருந்தவரின் சராசரி சீசன் முடிவில் .310-க்கு இறங்கியது. டாட்ஜர்ஸ் 104 வெற்றி, கார்டினல்ஸ் 106. இரண்டே ஆட்டத்தில் கோப்பை கைவிட்டுப் போனது. ஜெயிக்கணும்னுதான் அவரை அவசரமா இறக்கினாங்க. அதுவும் நடக்கல.

6/ 1946-இல் ஒரே சீசனில் 7 முறை 'ஹோம்' தளத்தைத் திருடினார். பந்து பிட்சர் கையில் இருக்கும்போதே ஓடிப் போய் ரன் எடுப்பது. சாதாரண விஷயமில்லை. அதே ஆண்டு கணுக்கால் எலும்பு முறிந்தது. 1947 ஜூனில் சொந்த மைதானமான எபெட்ஸ் ஃபீல்டில் மறுபடி சுவர். நினைவில்லாமல் கிடந்தவருக்குப் பாதிரியார் வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். சாகக் கிடப்பவருக்குச் செய்யும் சடங்குங்க அது. அந்த ஆண்டே அக்டோபரில் உலகத் தொடரிலும் ஆடினார்!

7/ 1952-இல் எல்லாம் முடிந்தது. மொத்தம் 861 ஆட்டம், 786 ஹிட், 58 ஹோம் ரன், சராசரி .295. ஹால் ஆஃப் ஃபேமில் இடமில்லை. 22 வயதில் லீக்கையே ஆண்டவரின் கணக்கு இவ்வளவுதான். இதுக்குப் பேர் துரதிர்ஷ்டமா?

8/ "அவரே ஆட ஆசைப்பட்டார், யாரும் கட்டாயப்படுத்தல" என்று ஒரு வாதம் உண்டு. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கால் முறிந்தவன் "ஆடுறேன்"னு சொன்னால், அதைச் சொல்லும் மூளையாவது நன்றாக இருக்கிறது. கன்கஷனில் அடிபட்டிருப்பதே அந்த மூளைதான். அடிபட்ட உறுப்பிடமே "நீ நல்லா இருக்கியா?"ன்னு கேட்டு, அது சொல்லும் பதிலைச் சம்மதம்னு எடுத்துக்கலாமா? வேண்டாம் என்று சொல்ல வேண்டியது பயிற்சியாளரும் நிர்வாகமும்.

9/ அடுத்தது "அந்தக் காலத்துல இதெல்லாம் யாருக்குத் தெரியும்?" தெரியும். தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்கும் குத்துச்சண்டை வீரர்களின் மூளைக்கு என்ன ஆகிறது என்று ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-லேயே அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதிவிட்டார். ரைசர் மோதியது அதற்கு 14 ஆண்டு கழித்து.

10/ சுவர் விஷயத்துக்கு மருத்துவ அறிவுகூட வேண்டாம். 1948-இல் எபெட்ஸ் ஃபீல்டு சுவருக்கு மெத்தை வைத்தார்கள். 1949-இல் 'வார்னிங் டிராக்' விதியானது. சுவருக்கு முன்னால் புல் இல்லாத ஒரு மண் பட்டை. காலுக்கடியில் தரை மாறினாலே வீரருக்குப் புரியும். கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் மண், அவ்வளவுதான் செலவு. அதைச் செய்ய ஒரு மனுஷனின் மண்டை பலமுறை உடைய வேண்டியிருந்தது.

11/ பழங்கதை என்று நினைக்காதீங்க. ரயன் ஃப்ரீல், சின்சினாட்டி ரெட்ஸ் அணியில் ஆடிய அவுட்ஃபீல்டர். பயமில்லாமல் பாய்வதுதான் அவர் புகழே. பலமுறை கன்கஷன். 2012-இல் 36 வயதில் தற்கொலை செய்துகொண்டார். இறந்தபின் ஆய்வு செய்ததில் அவர் மூளையில் சி.டி.இ. இருந்தது தெரிந்தது. தொடர் தலைக்காயங்களோடு தொடர்புடைய மூளைச் சிதைவு நோய் அது. மேஜர் லீக் வீரர் ஒருவருக்கு அது உறுதியானது அதுவே முதல்முறை. கன்கஷனுக்கென்று தனியாக 7 நாள் ஓய்வுப் பட்டியலை மேஜர் லீக் கொண்டுவந்ததே 2011-இல்தான்.

12/ இப்போ நமக்கு. உங்க பிள்ளை எந்த விளையாட்டு ஆடினாலும் சரி, இதை நினைவில் வையுங்க:
– கன்கஷனுக்கு மயக்கம் போட்டே ஆக வேண்டும் என்பதில்லை.
– சி.டி. ஸ்கேன் நார்மல் என்றால் ரத்தக்கசிவு, எலும்பு முறிவு தெரியவில்லை என்றுதான் அர்த்தம். கன்கஷன் இல்லை என்று அர்த்தமில்லை.
– சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. மறுபடி இறங்குவது படிப்படியாக, மருத்துவர் பார்த்த பிறகு.
– முதல் அடி ஆறும் முன் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம். அரிதுதான், ஆனால் நடக்கும்.

13/ திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, குழறும் பேச்சு, காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி கசிவு: இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. "தூங்கி எழுந்தா சரியாயிடும்" வேண்டாம்.

14/ சாதனைப் பட்டியலில் ஹிட் இருக்கும், ரன் இருக்கும். எத்தனை முறை தலையில் அடிபட்டது என்ற கட்டம் இருக்காது. அதனால்தான் ரைசரை இன்னும் 'துரதிர்ஷ்டசாலி' என்கிறோம். அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட்டால் மேனேஜர் தப்பிப்பார், முதலாளி தப்பிப்பார், சுவரைக் கட்டியவரும் தப்பிப்பார். அடுத்த முறை "அடிபட்டும் ஆடினான் பாரு"ன்னு ஒரு வீடியோ வந்தால், பகிர்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: அவனை ஆட விட்டது யார்?