கீபோர்டு ரிப்பேர் இல்லீங்க!

விடிஞ்சா ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்கணும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, வரிக்கு நடுவுல ஒரு வார்த்தையைச் சேர்க்கலாம்னு டைப் பண்றீங்க. நீங்க ஓர் எழுத்து அடிக்க அடிக்க, பக்கத்துல இருந்த எழுத்து ஒவ்வொண்ணா காணாமப் போகுது. 'வைரஸ்டா மச்சி'ன்னு ரூம்மேட் தீர்ப்பே சொல்லிடுவான்.

முதல் வருஷத்தில் எனக்கும் இதே கதிதான். அழிஞ்சதை மறுபடி டைப் பண்ணினா, அது அடுத்த பாராவையும் தின்னுச்சு! விடியும்போது பாதி சாப்டர் காலி. வைரஸும் இல்லை, ஒண்ணும் இல்லை. 'இன்சர்ட்' கீயில் விரல் பட்டிருக்கு, அவ்வளவுதான். இன்னொரு தட்டு தட்டினால் பழையபடி ஆகிவிடும். போன எழுத்துக்கு கன்ட்ரோல் + இசட் இருக்கு. இப்போதைய வேர்டில் இந்த வசதியை முதலிலேயே ஆஃப் செய்து தருகிறார்கள். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் டைப் பண்றவங்க மட்டும் உஷார்.

எக்ஸெல்லில் ஆரோ கீயை அமுக்கினால் கட்டம் மாறாமல் ஷீட்டே நகருதா? அது ஸ்க்ரோல் லாக் வேலை.

கீயைத் தட்டினால் எழுத்தே வரலையா? சர்வீஸ் கடைக்குத் தூக்கிட்டு ஓடாதீங்க. விண்டோஸில் வலது பக்க ஷிஃப்டை 8 விநாடி அமுக்கிப் பிடித்தால் 'ஃபில்டர் கீஸ்' வேணுமான்னு கேட்கும். படிக்காமலே 'யெஸ்' கொடுத்திருப்பீங்க. அப்புறம் கீயைச் சட்டுனு தட்டினால் கண்டுக்காது. கை நடுங்குபவர்கள் தெரியாமல் தொடும் கீ பதிவாகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஷிஃப்டை 5 முறை தட்டினால் எட்டிப் பார்க்கும் 'ஸ்டிக்கி கீஸ்' இன்னும் அருமை. ஒரே கையால் டைப் பண்றவங்க ஷிஃப்டை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். தட்டிவிட்டு அடுத்த கீக்குப் போகலாம். கேம் ஆடும்போது குறுக்கே வருதுன்னு நாமதான் அதைத் திட்டிக்கிட்டு இருக்கோம்!

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிஜமாவே பயப்படுங்க: ஷிஃப்ட் + டெலீட். ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. கன்ட்ரோல் + இசட்டும் காப்பாற்றாது.

ரிப்போர்ட் எழுதுறவங்களுக்கு ஒரு போனஸ். விண்டோஸ் கீ + வி. 2018-ல் விண்டோஸ் 10-க்கு வந்த வசதி. நீங்க கடைசியாக காப்பி செய்த 25 விஷயங்களை வரிசையா காட்டும். ஆனா முதல் தடவை நீங்களே ஆன் பண்ணணும். அதுக்கு முன்னாடி காப்பி பண்ணினது கிடைக்காது. அதனால ரிப்போர்ட்டை ஆரம்பிக்கும்போதே தட்டிடுங்க, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இல்ல!