மகன் டல்லாஸில்... கம்பெனி தரமணியில்... கையெழுத்து அப்பாவுடையது!

தரமணி, வேளச்சேரி, திருவான்மியூர் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சில வீட்டு வாசல்களைப் பார்த்திருப்பீர்கள். குடும்பத் தலைவரின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஏதோ ஒரு 'பிரைவேட் லிமிடெட்' என்று பலகை தொங்கும். உள்ளே போனால் அலுவலகம் எதுவும் இருக்காது. சோபா, டி.வி, சாமி படம்... அவ்வளவுதான். நிறுவனத்தை நடத்துகிறவர் டல்லாஸிலோ துபாயிலோ உட்கார்ந்திருப்பார்.

2000-ல் டைடல் பார்க் வந்த பிறகு, தரமணியில் வேலை பழகி வெளிநாடு போனவர்கள் ஏராளம். அவர்களில் சிலர் அங்கிருந்தபடியே இங்கே ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்குகிறார்கள். சட்டப்படி இதில் தவறே இல்லை. போர்டு மீட்டிங்கைக்கூட வீடியோ காலில் நடத்தலாம். ஆனால், கம்பெனிகள் சட்டம் ஒரு நிபந்தனை வைக்கிறது. இயக்குநர்களில் ஒருவராவது அந்த நிதியாண்டில் 182 நாள்கள் இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால் குறைந்தது இரண்டு இயக்குநர்கள் தேவை.

அப்போதுதான் அந்த போன் கால் வரும். "சும்மா ஒரு கையெழுத்துதாம்ப்பா..."

ஓய்வுபெற்ற அப்பாவோ, வீட்டிலிருக்கும் அம்மாவோ டைரக்டர் ஆகிவிடுவார்கள். விஷயம் என்னவென்றால், 'சும்மா டைரக்டர்' என்று ஒரு பதவி சட்டத்தில் கிடையாது!

2017-ல் நடந்தது நினைவிருக்கிறதா? கணக்கே தாக்கல் செய்யாத 2 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பெயரை மத்திய அரசு பதிவேட்டிலிருந்து நீக்கியது. சுமார் 3 லட்சம் இயக்குநர்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் கணக்கு தாக்கல் செய்யாத நிறுவனத்தின் இயக்குநர், ஐந்து ஆண்டுகளுக்கு எந்த நிறுவனத்திலும் புதிதாக இயக்குநராக முடியாது. அப்பாவுக்குச் சொந்தமாக வேறொரு கம்பெனி இருந்தால், அதிலுள்ள பதவியும் போய்விடும். பாதிக்கப்பட்ட பலர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். முன்கூட்டி நோட்டீஸ் தராதது உள்ளிட்ட காரணங்களுக்காக 2018 ஆகஸ்டில் அவர்களுக்கு நிவாரணம் கிடைத்தது. ஆனால், அந்த மூன்றாண்டு விதி அப்படியேதான் இருக்கிறது.

பிசினஸே நடக்கலையே?

பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒரு ரூபாய்கூட வருமானம் இல்லாவிட்டாலும் கணக்கை ஆடிட் செய்தே ஆக வேண்டும். வழக்கமாக செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும். அதிலிருந்து 30 நாள்களுக்குள் ஏஓசி-4 படிவத்தில் கணக்கையும், 60 நாள்களுக்குள் எம்ஜிடி-7ஏ படிவத்தில் ஆண்டறிக்கையையும் தாக்கல் செய்ய வேண்டும்.

தவறினால் 2018 ஜூலையிலிருந்து ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். இதற்கு உச்சவரம்பும் கிடையாது. இரண்டு படிவங்களும் ஓராண்டு தாமதம் என்றால் 73,000 ரூபாய். வியாபாரமே செய்யாத கம்பெனிக்கு!

இது போக, வருமான வரி ரிட்டர்ன் தனி. முதலாளி எந்த நாட்டில் இருந்தாலும், இந்தியாவில் பதிவான நிறுவனம் இங்கே 'உள்நாட்டவர்'தான். அதனால் உலகில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்கு காட்ட வேண்டும். நஷ்டம் என்றாலும் ரிட்டர்ன் போட வேண்டும்.

ஜி.எஸ்.டி பதிவு இருந்தால், விற்பனை பூஜ்யம் என்றாலும் ரிட்டர்ன் உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்து, டாலரில் பணம் வாங்குகிறீர்களா? அது சேவை ஏற்றுமதி. வரி கட்டாமல் பில் போட, ஒவ்வொரு நிதியாண்டுக்கும் எல்.யு.டி என்ற உறுதிமொழிப் பத்திரத்தை ஆன்லைனில் தர வேண்டும். தராவிட்டால், முதலில் வரியைக் கட்டிவிட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

மகன் வெளிநாட்டிலிருந்து பங்கு முதலீடு செய்திருந்தால் ரிசர்வ் வங்கியும் உள்ளே வரும். பணத்தைத் திரும்ப வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் உரிமையோடு போட்ட முதலீடு என்றால், பங்கு ஒதுக்கிய 30 நாள்களுக்குள் எஃப்சி-ஜிபிஆர் தாக்கல் செய்ய வேண்டும். அப்படிப்பட்ட முதலீடு உள்ள நிறுவனங்கள், ஆண்டுதோறும் ஜூலை 15-க்குள் எஃப்.எல்.ஏ ரிட்டர்னும் தர வேண்டும்.

அங்கேயும் ஒரு கேள்வி வரும்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். அங்கே வரி விஷயத்தில் 'உள்நாட்டவர்' ஆகிவிட்டவர், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் 10 சதவிகிதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருந்தால், பெரும்பாலும் 5471 என்ற படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். கிரீன் கார்டு இருப்பவர்கள் மட்டுமல்ல, ஹெச்-1பி விசாவில் போதிய நாள்கள் தங்கியவர்களும் இதில் அடக்கம். அமெரிக்காவின் பார்வையில் தரமணி கம்பெனிதான் வெளிநாட்டு நிறுவனம்! தாக்கல் செய்யாவிட்டால் அபராதம் 10,000 டாலரிலிருந்து தொடங்குகிறது.

அப்பா கேட்க வேண்டியவை

வருமான வரிச் சட்டத்தில், தனியார் நிறுவன இயக்குநர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. நிறுவனத்திடமிருந்து வரி பாக்கியை வசூலிக்க முடியாவிட்டால், அந்த ஆண்டில் இயக்குநராக இருந்தவர்களிடம் கேட்கலாம். தன் பக்கம் பெரிய அலட்சியமோ கடமை தவறுதலோ இல்லை என்று நிரூபிக்க வேண்டியது இயக்குநர்தான். "எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க, பையன்தான் பார்த்துக்கிறான்" என்பது அங்கே நல்ல பதில் அல்ல. கவனிக்காமல் விட்டேன் என்று நாமே ஒப்புக்கொள்வதுபோல் ஆகிவிடும்.

எனவே, முதல் கேள்வி: உங்கள் டிஜிட்டல் கையெழுத்து யாரிடம் இருக்கிறது? பென் டிரைவ் மாதிரி இருக்கும் அந்த டோக்கன், பல வீடுகளில் ஆடிட்டரின் டிராயரில்தான் கிடக்கிறது. அது உங்கள் கையெழுத்து. உங்கள் பீரோவில் இருக்கட்டும்.

இரண்டாவது, கம்பெனி படிவங்களில் கொடுத்திருக்கும் போன் நம்பரும் மின்னஞ்சலும் யாருடையவை? நோட்டீஸ் அங்கேதான் வரும். மகனின் பழைய மெயில் ஐடி என்றால் உடனே மாற்றுங்கள்.

மூன்றாவது, வீட்டு முகவரிதான் பதிவு அலுவலகம் என்றால் பெயர்ப் பலகை கட்டாயம். சந்தேகம் வந்தால் பதிவாளர் நேரில் வந்து பார்க்கவும் சட்டத்தில் இடமுண்டு.

நான்காவது, வருடத்துக்கு ஒருமுறை ஏஓசி-4, எம்ஜிடி-7ஏ, வருமான வரி ரிட்டர்ன் மூன்றுக்கும் ஒப்புகைச் சீட்டை வாங்கி ஃபைலில் வையுங்கள். நாளைக்குக் கேள்வி வந்தால், கவனமாக இருந்ததற்கு உங்கள் கையில் இருக்கும் அத்தாட்சி அதுதான்.

கம்பெனி ஓடவில்லையா? சும்மா விட்டுவிடாதீர்கள். மறுபடி தொடங்கும் எண்ணம் இருந்தால், 'செயல்படாத நிறுவனம்' என்ற தகுதிக்கு விண்ணப்பிக்கலாம். வேண்டவே வேண்டாம் என்றால், பாக்கிகளை முடித்துவிட்டு எஸ்டிகே-2 படிவம் மூலம் மூடிவிடலாம். அரசுக் கட்டணம் 10,000 ரூபாய். மேலே சொன்ன 73,000-ஐ விட இது எவ்வளவோ மேல்.

அப்பா பதவியிலிருந்து விலகவும் முடியும். ஆனால், இந்தியாவில் தங்கியிருக்கும் இயக்குநர் அவர் ஒருவர்தான் என்றால், அந்த இடத்துக்கு முதலில் இன்னொருவரைப் போட வேண்டும். விலகினாலும், பதவியில் இருந்த காலத்துத் தவறுகளுக்கான பொறுப்பு கூடவே வரும்.

இந்த வாரம் வீடியோ காலில் பிள்ளை வரும்போது, பேரன், பேத்தியைக் கொஞ்சி முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம கம்பெனிக்கு இந்த வருஷம் கணக்கு தாக்கல் பண்ணியாச்சாப்பா?"